விழாத வலிப்பு

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி போன மாதம் என்னைப் பார்க்க வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. கால் கிலோ மக்ரூனும், வலிப்பு நோயாளிகளுக்கென்று புதிதாக அச்சடித்த ஒரு பாரமும் கொண்டு வந்தாள். மக்ரூனைக் கொடுத்துவிட்டு பாரத்தை நீட்டி, "இதுல எதுக்கு சிஸ்டர் வலிப்பு வகைன்னு ரெண்டு கட்டம் போட்டிருக்காங்க? ஒரு ஆளுக்கு ஒரு வலிப்புதான இருக்கும்? அச்சடிச்சவன் தப்பாப் போட்டுட்டானோ?" என்று கேட்டாள்.

அச்சடித்தவன் தப்பாகப் போடவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு வகை வலிப்பு இருக்கலாம், மூன்றுகூட இருக்கலாம். ஒன்று ஆளைத் தரையில் தள்ளிப் புரட்டி எடுக்கும். அதை ஊரே பார்க்கும். இன்னொன்று ஆளை நின்ற இடத்திலேயே நிறுத்தி வைத்துவிட்டு, பத்துப் பதினைந்து விநாடி கழித்து விட்டுவிடும். பக்கத்தில் இருப்பவர் யோசனை என்று நினைப்பார். வந்தவருக்கோ வந்ததே தெரியாது. இப்போது தலையில் கம்பி ஒட்டி, காகிதத்தில் கோடு ஓட விட்டுக் கண்டுபிடித்து விடுகிறார்கள். எங்கள் காலத்தில் நர்ஸின் கண்ணும் ஒரு நோட்டுப் புத்தகமும்தான் இருந்தன.

"எழுதித் தாங்க சிஸ்டர், புதுப் பிள்ளைகளுக்கு வாசிச்சுக் காட்டுதேன்" என்றாள். எழுதுகிறேன். ஆனால் என்னைக் காப்பாற்றுகிற எண்ணத்தில் நடுவில் எதையும் விட்டுவிட்டு வாசிக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன்.

நான் பனங்காட்டு ஊர்க்காரி. அப்பாவுக்குக் கருப்பட்டி வியாபாரம். நாங்கள் புராட்டஸ்டண்டு சபை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பிறகு தெரியும். பாளையங்கோட்டையில் மூன்று வருடம் படித்தேன். கட்டில் விரிக்கவும், ஊசியைக் கொதிக்க வைக்கவும், டாக்டர் கேட்டாலொழிய வாயைத் திறக்காமல் இருக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்னது மட்டும் எனக்குச் சரியாக வரவில்லை. வலிப்பைப் பற்றி ஒரே ஒரு மத்தியானம் பாடம் நடந்தது. ஆளை ஒருக்களித்துப் படுக்க வை, இறுக்கமான துணியைத் தளர்த்து, நேரத்தைக் குறி. அவ்வளவுதான். யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தேன்.

கடற்கரைக்குப் பின் தெருவில் இருபது கட்டில் போட்ட தர்ம ஆஸ்பத்திரி அது. டாக்டர் அருமைநாயகம்தான் எல்லாம். குள்ளமான மனுஷர். கை கழுவினால் ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகத் துடைப்பார், பத்து விரலும் முடிகிறவரை யாரோடும் பேச மாட்டார். கோபம் வந்தால் சத்தம் போடும் பழக்கம் அவருக்கு இல்லை. கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்பார். முதல் தடவை கேட்கும்போது வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம். இரண்டாம் தடவை நமக்கே சந்தேகம் வந்துவிடும். மூன்றாம் தடவை உண்மை தானாக வெளியே வரும். திட்டு வாங்குவதே மேல் என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

வியாழக்கிழமை வலிப்புக்காரர்களின் நாள். யுத்தம் முடிகிறவரை புரோமைடு கரைசல்தான் கொடுத்தோம். குடித்தவர்கள் முகமெல்லாம் கொப்புளமும், அரைத் தூக்கமுமாக வந்து உட்கார்ந்திருப்பார்கள். யுத்தம் முடிந்த பிறகுதான் லூமினால் மாத்திரை ஒழுங்காகக் கிடைத்தது. அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டோம். நானே ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தேன். தேதி, மணி, விழுந்தாரா, நாக்கு கடிபட்டதா, சிறுநீர் போயிற்றா, எவ்வளவு நேரம் தூங்கினார். ஒரு வருகைக்கு ஒரு வரி. டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவார், குறைப்பார். "நீ பார்த்ததை எழுதும்மா. நினைச்சதை எழுதாதே" என்பார். நான் கோடு போட்ட கட்டங்களுக்குள் எது வந்ததோ அதை மட்டும்தான் நான் பார்த்தேன் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

மிக்கேலைக் கொண்டு வந்தது சுதந்திரம் கிடைத்த வருடத்தின் முடிவில். இருபத்திரண்டு வயது. சங்கு குளிக்கிற படகில், எங்கள் பக்கம் வத்தை என்பார்கள், நடுக்கடலில் விழுந்து வலித்து, படகின் குறுக்குக் கட்டையில் மோதி நெற்றி பிளந்திருந்தது. கூடவே அவனுடைய அக்கா லூர்தும், அக்காள் புருஷன் சூசையும் வந்தார்கள். லூர்து பயத்தில் பேச்சே வராமல் நின்றாள். சூசைதான் பேசினான்.

"நல்லவேளை டாக்டரய்யா, நான் மேல ஏறிட்டேன். ஒரு நிமிஷம் முந்தி விழுந்திருந்தாம்னா நான் கீழ கெடந்திருப்பேன்."

சூசை சங்கு குளிக்கிறவன். மிக்கேல் அவனுக்குக் கயிறு பிடிக்கிறவன். இதில் ஒரு வழக்கம் உண்டு. எட்டுப் பாகம், பத்துப் பாகம், அதாவது ஐம்பது அறுபது அடி ஆழத்துக்குக் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனின் உயிர் மேலே கயிறு பிடிக்கிறவன் கையில் இருக்கிறது. கீழே மூச்சு முட்டியதும் அவன் கயிற்றைச் சுண்டுவான். சுண்டிய அந்தக் கணமே மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அதனால் வேறு யாரையும் நம்ப மாட்டார்கள். பெண்டாட்டி கூடப் பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காளின் தாலியைத் தானே அறுப்பானா என்பது கணக்கு. லூர்துவுக்குக் கூடப் பிறந்தது மிக்கேல் ஒருவன்தான். அவன் பிடிக்காவிட்டால் சூசை கடலுக்குப் போக முடியாது.

லூமினால் கொடுத்தோம். மாதத்துக்கு மூன்று தடவை விழுந்து கொண்டிருந்தவன் இரண்டு, ஒன்று என்று குறைந்தான். பிறகு விழவே இல்லை. வியாழக்கிழமைதோறும் சிரித்துக்கொண்டே வந்து மாத்திரை வாங்கிப் போவான். 'விழுந்தாரா' என்ற கட்டத்தில் நான் வாரந்தோறும் 'இல்லை' என்று எழுதினேன். அந்த 'இல்லை'களை மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது எனக்குப் பெருமையாக இருக்கும், நானே குணமாக்கிய மாதிரி.

நடுவில் ஒரு வியாழக்கிழமை லூர்து என்னிடம் தனியாக வந்து சொன்னாள். "நர்ஸம்மா, விழுகது நின்னுட்டு. ஆனா தம்பி அப்பப்ப பேசிக்கிட்டே இருக்கும்போது அப்படியே நின்னுருதான். கூப்பிட்டாலும் கேக்கல. பெறகு அவனாவே பேசுதான்."

நான் சிரித்தேன். "இந்த வயசுல பையன் நின்னு யோசிச்சான்னா அது வலிப்பு இல்ல லூர்து. சீக்கிரம் பொண்ணு பாத்து வை" என்றேன். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். நோட்டில் அதை எழுதவில்லை. எழுதுவதற்குக் கட்டம் இல்லை. கட்டம் இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா என்று கேட்டால், தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த சங்குப் பருவம் தொடங்க இருந்தது. போன பருவத்தில் விழுந்தவன் என்பதால், டாக்டர் கடிதம் இல்லாமல் மிக்கேலைப் படகில் ஏற்ற மாட்டோம் என்று சங்குக் கொட்டகை அதிகாரி சொல்லிவிட்டார். அது நியாயம்தான். சூசை வந்து கடிதம் கேட்டான். டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். ஏழு மாதம் ஒரு விழுகையும் இல்லை. குளிக்கக் கூடாது, கயிறு மட்டும் பிடிக்கலாம், மாத்திரையை ஒரு நாளும் விடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடிதத்தை மடித்து மிக்கேலின் சட்டைப் பையில் வைத்தது நான்தான். அது திங்கட்கிழமை காலை. மறுநாள் விடியற்காலையில் படகுகள் புறப்படுகின்றன.

அந்த வாரம் சூசையின் தாயார் கால் புண்ணோடு எங்கள் பெண்கள் வார்டில் படுத்திருந்தாள். திங்கட்கிழமை சாயங்காலம் குடும்பமே வந்து கட்டிலைச் சுற்றி முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னது. புதுப் பருவத்தின் முதல் நாளைக்கு முந்தி அப்படிச் சொல்வது வழக்கமாம். மிக்கேல் முதலடி சொல்ல, மற்றவர்கள் முடித்துக் கொடுத்தார்கள். எங்கள் சபையில் ஜெபமாலை கிடையாது. மணிக்கு ஒன்றாக அவர்கள் மாதாவை நோக்கிச் சொல்லும் மங்கள வார்த்தை ஜெபம் எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது. நான் பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவிக்குக் கட்டு மாற்றிக் கொண்டிருந்தேன்.

நடுவில் மிக்கேலின் குரல் நின்றது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குரல் தொடர்ந்தது. அந்த இடத்தில் நிறுத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது, எங்கள் சபையில் சங்கீதம் வாசிக்கும்போது நிறுத்துவதில்லையா என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் பத்துப் பன்னிரண்டு ஜெபம் போனது. திரும்பவும் நின்றது. ஆனால் இந்த முறை வேறோர் இடத்தில். எனக்கு ஜெபம் தெரியாவிட்டாலும் காது இருந்ததே. முதலில் நின்ற இடத்தை இந்தத் தடவை தாண்டித்தான் போயிருந்தான். நிமிர்ந்து பார்த்தேன். கண் திறந்திருந்தது. இமை மட்டும் லேசாகத் துடித்தது. விரல் நடுவே ஜெபமாலை மணி அப்படியே இருந்தது. பிறகு, விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லிலிருந்து, ஒன்றுமே நடக்காதது போலத் தொடர்ந்தான்.

எங்கள் ஆயா தெரேசா கத்தோலிக்கர். அவளை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "ஆயா, மங்கள வார்த்தையில நடுவுல நிறுத்திச் சொல்லணுமா?"

"நிறுத்தவா? ஒரு மூச்சுல சொல்லுகதும்மா அது. ஒருத்தரும் நிறுத்த மாட்டாவ."

"மிக்கேல் நிறுத்துனானே?"

"அவன் எப்பவும் அப்படித்தான். வீட்டுலயும் நிக்கானாம். கோவில்ல நாங்க காத்துக்கிட்டுக் கெடப்போம்."

வந்தது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பெரிய வலிப்பை லூமினால் கட்டிப் போட்டிருக்கிறது. சின்னதை அது தொடவே இல்லை. லூர்து என்னிடம் சொன்னது இதைத்தான். நான் அவளைப் பொண்ணு பார்க்கச் சொன்னேன்.

இப்போது வருவதுதான் நான் செய்த பெரிய தப்பு. டாக்டரின் வீடு இரண்டு தெரு தள்ளி இருந்தது. அப்போதே போயிருக்க வேண்டும். போகவில்லை. ஏழு மாதம் நோட்டை எழுதியவள் நான். கடிதம் அந்த நோட்டை நம்பி எழுதியது. ஜெபத்தில் நின்றான் என்று சொன்னால் டாக்டர் மூன்று தடவை கேட்பார். மூன்றாம் தடவை நான் லூர்துவிடம் சிரித்ததைச் சொல்ல வேண்டி வரும். காலையில் ரவுண்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படகுகள் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய்விடும் என்று தெரிந்துகொண்டேதான் அப்படிச் சொல்லிக்கொண்டேன். அதைவிடக் கேவலமான பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

காலை ஏழு மணிக்கு டாக்டர் கை துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். விரல் துடைப்பது பாதியில் நின்றது.

"எத்தனை தடவை நின்னான்?"

"ரெண்டு தடவை டாக்டர்."

"எத்தனை தடவை?"

"நான் பார்த்தது ரெண்டு. வீட்டுலயும் நிக்குமாம்."

"எத்தனை தடவை சிஸ்டர்?"

"எனக்குத் தெரியாது டாக்டர். லூர்து ரெண்டு மாசத்துக்கு முந்தியே சொன்னா. நான் சிரிச்சுட்டேன்."

அவர் துண்டைத் தோளில் போட்டபடியே குடையை எடுத்தார். அவர் ரவுண்டை விட்டுவிட்டு வெளியே போனதை நான் அன்றுதான் பார்த்தேன். கடற்கரைக்கு நடந்துகொண்டே கேட்டார். "இறங்குறதுக்கு முன்னால அவங்க என்ன செய்வாங்க தெரியுமா?"

"மூச்சை இழுத்து இழுத்து விடுவாங்க."

"யாரு?"

"குளிக்கிறவன்."

"கயிறு பிடிக்கிறவன்?"

எனக்குத் தெரியவில்லை. கொட்டகையில் நின்ற ஒரு பெரியவரிடம் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். அவர், "கயிறு பிடிக்கவனும் கூடவே மூச்சு இழுப்பான் ஐயா. அப்பந்தான் கீழ கெடக்கவன் பாடு தெரியும். அவன் எறங்குனதும் இவன் மங்கள வார்த்தை சொல்லுவான். மூணு சொல்லி முடிக்கதுக்குள்ள கயிறு அசையும். நாலு தாண்டுனா அசையாட்டாலும் இழுத்துரணும்" என்றார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி மெல்லச் சொன்னார். வேகமாக மூச்சை இழுத்து விட்டால் இந்தச் சின்ன வலிப்பு வரும். வராதவனுக்கும் வரவழைக்க அதுதான் வழி என்று வைத்தியப் புத்தகத்தில் இருக்கிறது. அதாவது, சூசை தண்ணீருக்குள் போகும் அதே நேரத்தில் மிக்கேல் நின்றுபோக வேண்டியவற்றையெல்லாம் அவர்களே செய்துகொள்கிறார்கள். அது மட்டுமில்லை. நேரத்தை அவன் ஜெபத்தில்தான் அளக்கிறான். அவன் நின்றால் ஜெபமும் நிற்கும். திரும்ப வந்து விட்ட இடத்திலிருந்து சொன்னால் அவன் கணக்குக்கு இன்னும் மூன்று முடியவில்லை. கீழே இருப்பவனுக்கு முடிந்திருக்கும்.

அதிகாரியிடம் படகு கேட்டோம். அவர் கையை விரித்தார். துறைமுகத்தின் மோட்டார் லாஞ்சு வெளியே நங்கூரம் போட்ட கப்பலுக்குப் போயிருந்தது. வத்தைகள் கரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருந்தன. மத்தியானம் கடல்காற்று எழும்பினால்தான் திரும்பும். பதினேழு வத்தை போயிருக்கிறது, பதினேழும் வருகிறவரை ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்.

அந்தக் காத்திருப்பை நான் இப்போதும் கனவில் காண்கிறேன். வெயில் ஏற ஏறக் கடல் தகடு மாதிரி மின்னியது. டாக்டர் கொட்டகை நிழலுக்கு வராமல் குடையைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் ஓரத்திலேயே நின்றார். நான் என்னையறியாமல் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். முப்பது எண்ணுவதற்குள் விட்டுவிட்டேன். திரும்பவும் பிடித்தேன். சூசை அங்கே எத்தனை முறை இறங்கியிருப்பான், இருபதா, முப்பதா, ஒவ்வொரு முறையும் 'இல்லை' என்று எழுதிய என் கையை நம்பித்தான் இறங்குகிறான் என்று நினைத்துக்கொண்டே கடலைப் பார்த்திருந்தேன்.

பதினொரு மணி வாக்கில் லூர்து வந்தாள், சங்கு எண்ணுகிற இடத்தில் கூடை தூக்க. எங்களைப் பார்த்ததும் கூடை கையிலிருந்து நழுவிவிட்டது.

"என்ன நர்ஸம்மா? டாக்டரய்யா எதுக்கு இங்கன நிக்காவ?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேம்லா" என்றாள். சத்தம் போடவில்லை. "நீங்க சிரிச்சிய. நீங்க சிரிச்சதும்தான் எனக்கு உயிரு வந்துச்சு. அதுக்கு முந்தி அவர கடலுக்கு விட வேண்டாம்னுதான் இருந்தேன்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவள் ஏதாவது பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவள் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். அவள் எழுந்து போய்விடவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

ஒரு மணிக்குமேல் பாய்கள் தெரிந்தன. லூர்து பெயர் சொல்லிச் சொல்லி எண்ணினாள். சூசையின் வத்தைப் பாயில் ஓர் ஓரத்தில் பழுப்புத் துணி ஒட்டுப் போட்டிருக்கும் என்றாள். பதினைந்து பாயில் ஒட்டு இல்லை. பதினாறாவதிலும் இல்லை. பதினேழாவது வெகுதூரம் பின்தங்கி வந்தது. ஒட்டு தெரிந்தது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நான்கு நாள் அந்தத் தடம் கன்றிக் கிடந்தது. "தலைய எண்ணுங்க நர்ஸம்மா, எனக்குக் கண்ணு மறைக்கி" என்றாள். எண்ணினேன். இரண்டாம் முறை எண்ணினேன். பிறகு சூசை எழுந்து நின்று கையை ஆட்டினான்.

படகிலிருந்து குதித்து வந்தவனின் மூக்கோரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரித்தான். "என்ன டாக்டரய்யா, சங்கு வாங்க வந்தியளா? இந்தப் பய இன்னைக்குத் தூங்கிட்டான். ரெண்டு தடவ சுண்டுனேன், இழுக்கல. நானே கயித்தப் புடிச்சு ஏறி வந்தேன். ரெண்டாந்தடவ வரமாட்டேம்னுதான் நெனச்சேன்."

"சும்மா சொல்லாதிய அத்தான்" என்றான் மிக்கேல். உண்மையாகவே கோபப்பட்டான். "நான் எங்க தூங்குனேன்? மங்கள வார்த்தை விடாமச் சொல்லிக்கிட்டுத்தான இருந்தேன்? மூணு முடியல, அதுக்குள்ள நீங்க ஏறிட்டிய."

அவன் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவனை மடக்கிவிடலாம். இவனிடம் யார் என்ன சொல்லி என்ன? டாக்டர் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். மிக்கேல் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டான். "விழுந்தேன்னு ஒருத்தர் சொல்லட்டும், தாரேன்" என்றான். டாக்டர் வற்புறுத்தவில்லை. "நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. படகுக் கயிறை எடுத்துக்கிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் டாக்டரின் அறையில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். சூசையைக் கயிற்றின் ஒரு நுனியோடு கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார வைத்தார். மறு நுனி மிக்கேல் கையில். லூர்து ஜன்னலோரம் நின்றாள். நான் கைக்கடிகாரத்தோடு மேஜை பக்கம். "படகுல செய்யுற மாதிரியே செய்யுங்க. நானும் உங்ககூட மூச்சு இழுக்கேன்" என்று சூசையிடமும் மிக்கேலிடமும் சொல்லிவிட்டு, டாக்டரே மூச்சை இழுத்து விட ஆரம்பித்தார். மிக்கேலுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் செய்தான். டாக்டர் நிறுத்தச் சொன்னதும் ஜெபத்தைத் தொடங்கினான்.

ஒன்று முடிந்தது. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதும் முடிந்தது. வராமல் போனால் கடிதம் அவன் பையிலேயே இருக்கும், நாளைக்குப் படகு போகும். ஒரு நோயாளிக்கு வலிப்பு வர வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவதின் நடுவில் குரல் நின்றது. இமை துடித்தது. கதவுக்குப் பின்னாலிருந்து சூசை கயிற்றைச் சுண்டினான். கயிறு மிக்கேலின் கைக்குள் துள்ளியது. கை சும்மா இருந்தது. திரும்பவும் சுண்டினான், இந்த முறை பலமாக. டாக்டர் குனிந்து, கயிற்றை அவன் விரல்களிலிருந்து மெல்ல எடுத்துவிட்டு, ஒரு சுருள் கட்டுத் துணியை அங்கே வைத்தார். நான் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு. பிறகு மிக்கேல் விட்ட சொல்லுக்கு அடுத்த சொல்லைச் சொன்னான். ஜெபத்தை நிதானமாக முடித்தான். முடித்துவிட்டு, "பாத்தியளா, நின்னேனா?" என்று கேட்டுக்கொண்டே கையைப் பார்த்தான்.

கையில் கட்டுத் துணி இருந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தரையில் பார்த்தான். கயிறு டாக்டர் கையில் இருந்தது. "அக்கா" என்றான். சின்னப் பிள்ளை கூப்பிடுகிற குரல். லூர்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சூசை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, "ரெண்டு தடவ சுண்டுனேன்லே" என்றான். மிக்கேல் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். டாக்டரிடம் கொடுக்கவில்லை. சூசையின் கையில் வைத்து அவன் விரல்களை மடக்கிவிட்டான்.

அன்று சாயங்காலம் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன். 'நின்றாரா, எத்தனை விநாடி?' மற்ற நோயாளிகளிடமும் அதையே கேட்க ஆரம்பித்தேன். ஏழு மாதம் என்னிடம் வந்துபோன இன்னும் இரண்டு பேருக்கும் அது இருந்தது. அவர்கள் வீட்டார் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறார்கள். நான் எழுதவில்லை.

சின்ன வலிப்புக்கென்று புது மருந்து ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு டாக்டர் மதராசுக்கு எழுதினார். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கினார். அதைக் கொடுத்ததும் நிற்பது குறைந்தது. ஆனால் மூன்றாவது வாரம் மாதா கோவிலில் பூசை நடக்கும்போது மிக்கேல் விழுந்தான், பழைய பெரிய வலிப்பு. ஒன்றை அடக்கக் கொடுத்தது மற்றொன்றைக் கிளப்பிவிட்டது. இரண்டு வகை உள்ளவர்களிடம் பயப்பட வேண்டியது இதற்குத்தான் என்று இந்தப் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு கட்டத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுக்காதீர்கள். டாக்டர் இரண்டு மருந்தையும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து, ஒரு வருடம் போராடினார். நான் தெரேசா ஆயாவிடம் மங்கள வார்த்தையை மனப்பாடம் செய்துகொண்டேன். வியாழக்கிழமை தோறும் மிக்கேல் மூச்சை இழுத்து விட்டுப் பத்து முறை சொல்லுவான், நான் கூடவே மனதுக்குள் சொல்லிக்கொண்டு கேட்பேன். எங்கள் போதகர் கேள்விப்பட்டு முகம் சுளித்தார். சுளிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சூசை அந்தப் பருவமும் அதற்கு அடுத்த பருவங்களும் குளிக்கவில்லை. வேறு யார் கையிலும் கயிற்றைக் கொடுக்க லூர்து சம்மதிக்கவில்லை. அவன் உப்பளத்துக்கு வேலைக்குப் போனான். உப்பில் நின்று கால் வெடித்து, அதற்கு மருந்து வாங்க என்னிடம் வருவான். வந்தால் கடலைப் பற்றியே பேசுவான்.

பிறகு ஒரு வருடம் முழுக்க இரண்டு கட்டத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். இந்தத் தடவை பெருமையாக இல்லை. ஒவ்வொரு 'இல்லை'யையும் பயந்து பயந்துதான் எழுதினேன். பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம் சூசை மிக்கேலை அழைத்துக்கொண்டு வந்தான். லூர்துவும் வந்திருந்தாள். டாக்டர் நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். மிக்கேலை உட்கார வைத்து மூச்சை இழுக்கச் சொல்லி, ஒரு முறைக்கு மூன்று முறை சோதித்தார். நிற்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"வேண்டாம் டாக்டரய்யா" என்றான் மிக்கேல்.

சூசை பதறிப் போனான். "ஏலே, ஒரு வருஷமா நிக்கலையே. இன்னும் என்னலே பயம்?"

மிக்கேல் அவனைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "அன்னைக்கும் நான் நிக்கலன்னுதான நெனச்சேன், நர்ஸம்மா. இன்னைக்கும் அப்படித்தான் நெனைக்கேன். ரெண்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியலையே."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். சூசை மிக்கேலின் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனான். லூர்து கடைசியாகப் போனாள். வாசலில் நின்று திரும்பி என்னைப் பார்த்து, கடற்கரையில் காத்திருந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக அன்றைக்குத்தான் சிரித்தாள்.

நான் பென்ஷன் வாங்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. ராத்திரி வேதம் வாசிக்கும்போது எந்த வரியில் இருந்தேன் என்று சில சமயம் தெரியாமல் போகிறது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று எனக்கு நானே சிரித்துக்கொள்ளப் பார்க்கிறேன். சிரிப்பு வருவதில்லை. எழுந்து போய், எத்தனை விநாடி போயிற்றோ என்று கடிகாரத்தைப் பார்க்கிறேன்.